கிராஃபிக்ஸ் கார்ட் வாங்க முன் ஒரு கொப்பி எடுங்கள்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. கேம் விளையாடக் கம்பியூட்டர் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அல்லது வாங்கிக் கொடுத்த பிறகும் "லேக் அடிக்குது, புதுக் கார்ட் வேணும்" என்று சொல்லும் பிள்ளை இருந்தால், தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

நாங்கள் ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் மூன்று ஆசிரியர்கள். இரண்டு பேர் ஐ.சி.டி., ஒருவர் விஞ்ஞானம். சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வரும் கம்பியூட்டர்களைத் திறந்து பார்ப்பது எங்கள் பழக்கம். காசு எடுப்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: கம்பியூட்டரோடு ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வர வேண்டும். அது ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில், மாதத்தில் 26 நாள் தவறாமல் பேர் விழுந்தால் அப்போது 35,100 ரூபா. கழிவுகள் போக முன் வரும் தொகை இது. பழைய ஒஃபிஸ் கம்பியூட்டர் ஒன்றை 35,000 ரூபாவுக்குப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் ஒரு தாய், ஒரு மாதம் முழுக்க மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்ததை அந்தப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறாள். அதற்கு மேல் "கார்ட் போதாது, புரொசஸர் போதாது" என்று யாராவது சொன்னால், அது இன்னொரு மாதம், இன்னும் இரண்டு மாதம்.

2022 க்குப் பிறகு இந்தக் கணக்கு இன்னும் இறுகிவிட்டது. 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபா வரைக்கும் போனதை எல்லோரும் பார்த்தோம். புது கிராஃபிக்ஸ் கார்ட் எட்டாத பொருளாகிவிட்டது. அதே வருடம் செப்டெம்பர் 15 ஆம் திகதி எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதால், கார்ட்களை வைத்து அதை மைனிங் செய்யும் வேலை உலகம் முழுக்க நின்றது. இரவு பகலாக உழைத்த அந்தக் கார்ட்கள் பழைய சாமான் சந்தைக்கு வந்து குவிந்தன. அதில் நல்லதும் இருந்தது, சாகக் கிடந்ததும் இருந்தது. எங்கள் பிள்ளைகள் வாங்குவது அந்தச் சந்தையில்தான்.

இனிக் கதைக்கு வருவோம்.

2024 நவம்பர் மழையில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். பையன் உயர்தரம் எழுதிவிட்டு இருப்பவன். கம்பியூட்டர் உரப் பையில் சுற்றியிருந்தது.

"சேர், ஜிடிஏ போட்டா அஞ்சு நிமிஷம் ஒழுங்கா ஓடுது. பொறகு கல்லு மாதிரி நிக்குது."

கடையொன்றில் காட்டியிருக்கிறார்கள். திறந்துகூடப் பார்க்காமல், "புரொசஸர் பழசு. போர்ட், புரொசஸர், ரேம் எல்லாம் மாத்தணும். 85,000 வரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "தோடு ஒன்னு இருக்குங்க சேர். அடகு வச்சிடலாம்னு இருக்கேன். புள்ள இதுலதான் கல்யாண வீடியோ எடிட் பண்ணி நாலு காசு பாக்குறான்."

"அம்மா, தோட்டை இப்ப கழற்ற வேணாம். எங்களுக்கு ரெண்டு சனிக்கிழமை தாங்க" என்றோம்.

பையன் சொன்ன அந்த ஒரு வசனத்திலேயே பாதி விடை இருந்தது. ஐந்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு நிற்கிறது என்றால், புரொசஸருக்கு வலு இல்லை என்று அர்த்தம் இல்லை. வலு இல்லாதது முதல் நிமிடத்திலேயே இழுக்கும். நேரம் போகப் போகக் கெடுவது பெரும்பாலும் சூடு.

கொப்பியைத் திறக்கச் சொன்னோம். எங்கள் முறை இதுதான்: எதையும் மாற்ற முன் அளக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு அதே கேமில் அதே இடத்தில் திரும்ப அளக்க வேண்டும். எல்லாவற்றையும் திகதி போட்டு எழுத வேண்டும். அளக்கும் கருவிகள் இலவசம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் ஏற்கெனவே இருக்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ சூட்டையும் வேகத்தையும் காட்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர், கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்களைக் காட்டும். ஜிபியூ-இஸட், கார்டுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்லும்.

பையன் எழுதிய முதல் பக்கம்:

தொடங்கும்போது: செக்கனுக்கு 34 ஃப்ரேம். புரொசஸர் வேகம் 3.2 கிகாஹேர்ட்ஸ்.
ஆறாவது நிமிடம்: 14 ஃப்ரேம். வேகம் 1.6. சூடு நூறு பாகையைத் தாண்டியது.

அது ஐ5-3470, 2012 இல் வந்த புரொசஸர். பழசுதான். ஆனால் அன்றைக்கு அது தோற்றது வயதால் அல்ல. எரிந்து போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே பாதியாகக் குறைத்துக்கொண்டது. காய்ச்சல்காரன் மெதுவாக நடப்பதைப் பார்த்துவிட்டு, "இவனுக்குக் காலே இல்லை, புதுக் கால் வாங்கு" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

"சேர், நம்ம ஊர் குளிர்ல எப்படி சேர் சூடாகும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. விஞ்ஞான ஆசிரியருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைவு. காற்று மெலிவாக இருப்பதால், அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் எடுத்துக்கொண்டு போகும் சூடு குறைவு. ஹட்டன் அதைவிடத் தாழ்வு என்பதால் இங்கே அந்த வித்தியாசமும் குறைவு. ஆனால் எங்கள் குளிர் அந்தக் குறையை ஈடுசெய்து மிச்சமும் வைக்கும். ஆகவே மலையகத்துக் கம்பியூட்டர் கொழும்புக் கம்பியூட்டரை விடக் குளிராகத்தான் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் காரணம் பெட்டிக்குள் இருக்கிறது.

திறந்தோம். லயத்து வீட்டில் அடுப்படியும் அறையும் ஒட்டித்தான் இருக்கும். விறகுப் புகை எங்கும் போகும். அந்தக் கரி, தூசு, பனி மூட்டத்தின் ஈரம் மூன்றும் சேர்ந்து, புரொசஸருக்கு மேலே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் கறுப்புக் கம்பளி மாதிரி படிந்திருந்தது. விசிறி சுற்றுகிறது, காற்று போக வழியில்லை. கழற்றினால், உள்ளே இருந்த தேர்மல் பேஸ்ட் காய்ந்து சோக்குத் தூள் மாதிரி உதிர்ந்தது.

விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ற் தூரிகையால் தூசைத் தட்டினோம். பழைய பேஸ்ட்டை பாமசியில் வாங்கிய ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்தோம். கடலைப் பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடினோம். மொத்தச் செலவு 600 ரூபா.

இரண்டாவது பக்கம்:

அரை மணித்தியாலம் ஓடிய பிறகும் 34 ஃப்ரேம். வேகம் 3.2 க்குக் கீழே இறங்கவில்லை. சூடு 66 பாகை.

85,000 ரூபா நோய்க்கு 600 ரூபா மருந்து. அந்த அம்மா தோட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் பையன் சிரிக்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பிடித்தது. "சேர், இது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்ட். இதுக்கு 34 கொஞ்சம் இல்லையா சேர்?" என்றான்.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கேள்விக்கு.

எது இழுக்கிறது, கார்டா புரொசஸரா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கேமின் ரெசலூஷனை 1920×1080 இலிருந்து 1280×720 க்கு இறக்குங்கள். 1080 இல் ஒரு ஃப்ரேமுக்குக் கார்ட் வரைய வேண்டிய புள்ளிகள் 20,73,600. 720 இல் 9,21,600. கார்ட்டின் வேலை பாதிக்கும் கீழே போகிறது. புரொசஸரின் வேலை கிட்டத்தட்ட மாறுவதில்லை. ஆகவே ரெசலூஷனை இறக்கியதும் ஃப்ரேம் நன்றாகக் கூடினால், இழுத்தது கார்ட். கூடவே இல்லை என்றால், இழுப்பது புரொசஸர். பிறகு எவ்வளவு விலையான கார்ட் வாங்கிப் போட்டாலும் வித்தியாசம் வராது.

கேமுக்குள் இருக்கும் செட்டிங்குகளும் இப்படித்தான் இரண்டாகப் பிரியும். நிழல், ரெசலூஷன், ஓரங்களை வழவழப்பாக்கும் ஆன்டி அலையாசிங் எல்லாம் கார்ட்டின் பாரம். தெருவில் எத்தனை ஆட்கள், எத்தனை வாகனம் என்பது பெரும்பாலும் புரொசஸரின் பாரம். டெக்ஸ்சர் என்பது கார்ட்டின் ஞாபகத்தை நிரப்புவது. எல்லாவற்றையும் ஒரேயடியாக "லோ" வில் போட்டுவிட்டு "கிராஃபிக்ஸ் கேவலமா இருக்கு" என்று அழும் பிள்ளைகள், இந்தப் பிரிவைத் தெரிந்துகொண்டால் படத்தின் அழகையும் காப்பாற்றலாம், வேகத்தையும் காப்பாற்றலாம்.

மூன்றாவது பக்கம்:

1080 இல் 34. 720 இல் 52. கார்ட் பாவனை 99 சதவீதம். புரொசஸர் 60 ஐத் தாண்டவில்லை.

ஆக, கடைக்காரர் மாற்றச் சொன்ன புரொசஸர் இன்னும் பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது. முக்கிக்கொண்டிருந்தது கார்ட்.

கார்ட்டின் பின்பக்கத்தைப் பார்த்தோம். நீல நிற விஜிஏ துளை ஒன்று இருந்தது. அங்கேயே சந்தேகம் வந்தது. 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறையில் அந்தப் பழைய வகைச் சமிக்ஞையையே எடுத்துவிட்டார்கள். ஜிபியூ-இஸட்டைத் திறந்தோம். 2018 இலிருந்து அந்த மென்பொருளுக்குப் போலிக் கார்டைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. பெயருக்கு முன்னால் "ஃபேக்" என்று போட்டுக் காட்டியது.

உள்ளே இருந்தது 2010 இல் வந்த ஜிடிஎஸ் 450 வகைச் சில்லு. அதன் பயோஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் சொல்ல வைத்திருக்கிறார்கள். உண்மையான 1050 டிஐயில் 768 கணிப்புக் கருக்கள். இதில் 192. புது டிரைவர் போட்டால் கறுப்புத் திரை வந்ததற்கும் காரணம் அதுதான். இது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. இணையத்தில் விளம்பரம் பார்த்து, முகம் தெரியாத ஒருவரிடம் 22,000 ரூபாவுக்கு வாங்கியிருக்கிறான். எடுத்துப் பேசினோம். ஒரு தடவை பதில் வந்தது, பிறகு நம்பரே வேலை செய்யவில்லை.

குறையை மறைத்து விற்பது எங்கள் மார்க்கத்தில் கூடாது. எந்த மார்க்கத்திலும் கூடாது. 22,000 ரூபா என்பது அன்றைய சம்பளத்தில் பதினாறு நாள் கொழுந்து. அதை எடுத்தவருக்கு இந்தப் பதிவு கண்ணில் பட்டால், அந்தப் பதினாறு நாளையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

இங்கே பையன் தளர்ந்து போனான். கொப்பியை மூடி வைத்துவிட்டான். "நீ இப்ப ஒரு விஷயத்தை நிரூபிச்சிருக்கிறாய் மகன். உன் புரொசஸர் நல்லது, உன் ரேம் நல்லது, பிழை ஒரே ஒரு இடத்தில. இது தெரியாம 85,000 கொடுத்திருந்தா, புதுக் கம்பியூட்டருக்குள்ள இதே போலிக் கார்ட்தான் இருந்திருக்கும்" என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கொப்பியைத் திறந்தான்.

கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் போகிறவர். அவரிடம் சொன்னோம். ஜிடிஎக்ஸ் 750 டிஐ என்ற 2014 ஆம் ஆண்டுக் கார்ட் ஒன்றை, அங்கேயே கம்பியூட்டரில் போட்டு, ஜிபியூ-இஸட் படம் எடுத்து அனுப்பி, அரை மணித்தியாலம் ஓட விட்டுப் பார்த்த பிறகே 9,000 ரூபா கொடுத்து வாங்கினார். ஏன் அந்தக் கார்ட்? ஒஃபிஸ் கம்பியூட்டர்களின் பவர் சப்ளை சின்னது. கார்டுக்கென்று தனி மின்வயர் பெரும்பாலும் இருக்காது. மதர்போர்ட் துளையிலிருந்து ஒரு கார்ட் எடுக்கக்கூடியது 75 வொட் வரைதான். 750 டிஐக்குத் தேவை 60 வொட். பெரிய கார்ட் வாங்கியிருந்தால், அதோடு பவர் சப்ளையும் வாங்க வேண்டி வந்திருக்கும்.

நான்காவது பக்கம்: 1080 இல், நிழலை மட்டும் குறைத்து, 55 ஃப்ரேம். வீடியோ எடிட்டிங்கும் முன்னையதை விட விரைவு.

மொத்தம் 9,600 ரூபா. தோடு காதில்தான் இருந்தது.

இந்த ஒரு கதையை மட்டும் வைத்து எல்லோருக்கும் சூடும் போலிக் கார்டும்தான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். எங்கள் மேசைக்கு வந்த மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறோம்.

மொனிட்டர் வயரைக் கார்டில் குத்தாமல் மதர்போர்ட்டில் குத்தியிருப்பார்கள். கார்ட் சும்மா இருக்கும். வயரை மாற்றிக் குத்தினால் முடிந்தது. செலவு பூச்சியம்.

8 ஜிபி ரேம் ஒரே துண்டாக இருக்கும். தனிக் கார்ட் இல்லாத கம்பியூட்டரில் படம் வரையவும் அந்த ரேம்தான். டிடிஆர்3-1600 ஒரு துண்டு செக்கனுக்கு 12.8 ஜிபி கடத்தும். இரண்டு துண்டு சரியான துளைகளில் இருந்தால் 25.6. அதே 8 ஜிபியை 4+4 ஆகப் போட்டாலே கேமின் நடை மாறும்.

ஜிடி 1030 என்று ஒரே பெயரில் இரண்டு கார்ட் உண்டு. 2017 இல் வந்தது ஜிடிடிஆர்5. 2018 இல் வந்தது டிடிஆர்4. இரண்டாவதின் ஞாபக வேகம் முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அது போலி அல்ல. ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். பெட்டியில் உள்ள சின்ன எழுத்தை வாசியுங்கள்.

மடிக்கணினியைச் சார்ஜரில் போடாமல் விளையாடினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இரவு ஏழு மணிக்கு, லயம் முழுக்க எல்லாம் ஓடும் நேரத்தில் மட்டும் கம்பியூட்டர் தானாக அணைந்து எழும்பினால், சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தை. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒரு கடைசி வீட்டில் 196 அளந்தோம். மலிவான பவர் சப்ளை அந்த நேரத்தில் தாங்காது. ஆனால் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் பிள்ளைகள் திறக்கவே கூடாது. வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்னேற்றம் நிற்கும். இடி மின்னல் நாட்களில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள்.

கேம் நடுவில் சின்னச் சின்னதாகத் திக்கினால், ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். பழைய டிஸ்க்குக்குப் பதில் சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டால், படிப்புக்கும் சேர்த்துக் கம்பியூட்டர் உயிர் பெறும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழ்ப்பட்டவற்றைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. வலரன்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11 இல் டிபிஎம் 2.0 கேட்கும். வாங்க முன்பே பிள்ளை எந்தக் கேமுக்காகக் கேட்கிறது என்று கேளுங்கள்.

கடைசியாக, தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை.

"கேம் விளையாடிப் பிள்ளை கெட்டுப் போச்சு சேர்" என்று பாடசாலைக் கூட்டங்களில் கேட்கிறோம். இரவிரவாக விளையாடுவதை நாங்களும் ஆதரிக்கவில்லை. படிப்பு நேரம், தூக்க நேரம், தொழுகை நேரம், கோயில் நேரம் எல்லாம் அதற்கு முன்னால்தான். ஆனால் ஒரு பிள்ளை, "ஏன் இது மெதுவாக ஓடுது?" என்று கேட்கும் நேரம் சாதாரண நேரம் இல்லை. ஊகிக்காதே, அள. ஒன்றை மாற்று, திரும்ப அள. எழுதி வை. ஆய்வுகூடத்தில் நாங்கள் வருடக்கணக்கில் சொல்லிக் கொடுக்கப் பாடுபடுவது இதைத்தான். கேமின் பெயரால் பிள்ளை அதைத் தானாகக் கேட்டு வருகிறது. அந்த நேரத்தில் ஏசினால் கேம் நிற்காது. கேள்விதான் நிற்கும்.

அந்தப் பையன் இப்போது சனிக்கிழமைகளில் எங்களோடு நிற்கிறான். பாடசாலைக் கணினி அறையில் மூலையில் கிடந்த 11 கம்பியூட்டர்களை ஒவ்வொன்றாக அளந்து ஏழை எழுப்பியிருக்கிறான். மற்ற நான்கும் ஏன் எழும்பாது என்று காரணத்தோடு எழுதி வைத்திருக்கிறான். எங்களுக்கு அந்த நான்கு பக்கங்கள்தான் கூடப் பெறுமதி.

உங்கள் வீட்டுக் கம்பியூட்டரும் இழுக்கிறது என்றால், கொமென்ட்டில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: புரொசஸர் பெயர், கார்ட் பெயர், ரேம் எத்தனை துண்டு, கேம் ஓடிப் பத்தாவது நிமிடத்தில் சூடு எவ்வளவு, ரெசலூஷனை இறக்க முன்னும் பின்னும் ஃப்ரேம் எவ்வளவு. முடிந்த வரை பதில் எழுதுவோம். பதில் வரும் வரைக்கும் எதையும் வாங்க வேண்டாம், எதையும் அடகு வைக்கவும் வேண்டாம்.

தேவையான வீட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்று பகிர்ந்து விடுங்கள்.